எட்டயபுரம் சொந்தங்கள் குழுவில் ஒரு ஞாயிறு: விசாகப்பட்டினத்துக் கரையில் நிற்கும் குர்சுரா

ஞாயிறு, மாலை 4:10

செந்தில்: எல்லோருக்கும் வணக்கம். விசாகப்பட்டினம் வந்து சேர்ந்துவிட்டோம். நாளைக்கு அரக்கு பள்ளத்தாக்கு. இப்போது ராமகிருஷ்ணா கடற்கரையில் இருக்கிறோம்.

செந்தில்: [படம்]

செந்தில்: பெரியப்பா, எங்கள் பின்னால் நிற்பது என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விஜி அத்தை: இது என்னப்பா இவ்வளவு நீளமா, கருப்பா? மணலில் எப்படி நிற்கிறது?

பெரியப்பா: குர்சுரா. எஸ் 20.

பெரியப்பா: விஜி, அது நீர்மூழ்கிக் கப்பல். 91 மீட்டர் நீளம். 1969 டிசம்பர் 18, அப்போதைய சோவியத் நாட்டில் ரீகா துறைமுகத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. 2001 பிப்ரவரி 27 ஓய்வு. அதற்கப்புறம் கடலிலிருந்து கரைக்கு இழுத்துவந்து, காங்கிரீட் மேடை கட்டி நிறுத்த ஒன்றரை வருடம் ஆனது. ஐந்தரைக் கோடி ரூபாய் செலவு. கடைசித் தூரம் 600 மீட்டர்தான், ஆனால் அந்த 600 மீட்டர்தான் கஷ்டம். தண்ணீரில் மிதக்கும்போது இருக்கிற எடை வேறு, மணலில் ஏறும்போது தெரிகிற எடை வேறு. 2002 ஆகஸ்டில் சந்திரபாபு நாயுடு திறந்துவைத்தார்.

கவிதா: பெரியப்பா, நீங்கள் இருந்த கப்பலா இது?

பெரியப்பா: இல்லைம்மா. நான் இருந்தது வாக்லி நீர்மூழ்கி. இதே போல சோவியத் தயாரிப்பான ஃபாக்ஸ்ட்ராட் வகை. உள்ளே போனால் எது எங்கே இருக்கும் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன்.

பெரியப்பா: செந்தில், டிக்கெட் எடுத்தாயா? உள்ளே கூட்டமாக இருந்தாலும் அவசரப்படாதே. அங்கே வழிகாட்டியாக நிற்பவர்கள் நீர்மூழ்கிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆட்கள். சும்மா நடந்து போனால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவாய். அவர்களிடம் கேட்டால்தான் அது கப்பல். இல்லாவிட்டால் இரும்பு.

செந்தில்: வரிசையில் நிற்கிறோம் பெரியப்பா. யாழினி இப்போதே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டாள். உள்ளே ஜன்னல் இருக்குமா என்கிறாள்.

பெரியப்பா: ஒரு ஜன்னல்கூட இல்லை என்று சொல்.

மாலை 5:25

செந்தில்: வெளியே வந்துவிட்டோம். எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை.

செந்தில்: ஒரு முனையில் ஏறி மறுமுனையில் இறங்க வேண்டும். ஏழு அறை. அறைக்கு அறை சுவரில் வட்டமாக ஓர் ஓட்டை, அதுதான் கதவு. தலையைக் குனிந்தால் முட்டி இடிக்கிறது, முட்டியைப் பார்த்தால் தலை இடிக்கிறது. அந்த வழிகாட்டி, அறுபது வயது இருக்கும், மேலே இருக்கும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே வீசி, சட்டென்று அந்தப் பக்கம் போய் நின்றார். யாழினி கைதட்டிவிட்டாள்.

பெரியப்பா: அப்படித்தான் போக வேண்டும். அபாய மணி அடித்தால் எல்லோரும் ஓடுவார்கள். அந்தக் கதவில் ஓர் ஆள் தடுமாறினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் நிற்க வேண்டும்.

செந்தில்: டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து கப்பலை அடிக்கிற குண்டு, இருக்கிற அறையிலேயே படுக்கையும் இருக்கிறது. டார்பிடோவைத் தொட்டுக்கொண்டு தூங்க வேண்டியதுதான். அந்தப் படுக்கையின் அகலம் ரயிலில் சைடு பெர்த்தில் பாதி இருக்கும்.

பெரியப்பா: அதிலும் இரண்டு பேருக்கு ஒரு பங்க். ஒருவன் வாட்ச், அதாவது தன் முறை வேலை, முடிந்து வருவான், இன்னொருவன் எழுந்து போவான். மெத்தைச் சூடு ஆறுவதில்லை. 75 பேர், அதில் அதிகாரிகள் 8.

யாழினி (செந்தில் போனிலிருந்து): தாத்தா, நீங்க எங்க குளிப்பீங்க? பாத்ரூம் ரொம்ப குட்டியா இருந்துச்சு.

பெரியப்பா: குளிக்க மாட்டோம் கண்ணு. நல்ல தண்ணீர் சமைக்கவும் குடிக்கவும் மட்டும்தான். முகம் கழுவக்கூட அளந்துதான் கிடைக்கும். உப்புத் தண்ணீரில் நுரை வராது, உடம்பு பிசுபிசுக்கும். கரைக்கு வந்ததும் முதல் வேலை குளியல்தான்.

யாழினி (செந்தில் போனிலிருந்து): எத்தனை நாள் குளிக்காம?

பெரியப்பா: அதை உன் பாட்டியிடம் கேள்.

பெரியம்மா: வாரக்கணக்கில் கண்ணு. உன் தாத்தா வீட்டுப் படி ஏறும் முன்பே டீசல் வாசம் ஏறி வந்துவிடும். துணியை எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது. தலையணை உறையில், சட்டைக் காலரில், எல்லாவற்றிலும் அதே வாசம்.

அருண்: பெரியப்பா, தப்பாக நினைக்காதீர்கள், ஒரு சந்தேகம். இப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் குர்சுரா எந்தக் கப்பலையும் மூழ்கடிக்கவில்லை இல்லையா? அப்படியிருக்க இதற்கு ஏன் கடற்கரையில் இவ்வளவு பெரிய நினைவிடம்? ஜெயித்த கப்பலுக்கு அல்லவா வைக்க வேண்டும்?

விஜி அத்தை: அருண்!

பெரியப்பா: விஜி, அவன் கேட்கட்டும். நல்ல கேள்வி. டைப் செய்ய நேரமாகும், பொறு.

மாலை 6:02

பெரியப்பா: 1971 நவம்பர் நடுவில் அரபிக்கடலுக்கு ரோந்து போனது குர்சுரா. போர் இன்னும் தொடங்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் சுட முடியாது. இன்ன நாட்டுக் கப்பல்தான் என்று உறுதியாகத் தெரிய வேண்டும், மேலிடத்து உத்தரவும் வேண்டும். வணிகக் கப்பல்கள் போகும் பாதைக்குள் நுழையக் கூடாது. டிசம்பர் 3 மாலைதான் போர் மூண்டது. அந்தச் சமயத்தில் குர்சுரா பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இதுதான் நடந்தது.

பெரியப்பா: இப்போது யோசி. கையில் 22 டார்பிடோ வைத்துக்கொண்டு, எதிரியின் கடலுக்குப் பக்கத்தில், சுடாமல் இருப்பதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்? தவறுதலாக வேறு நாட்டு வணிகக் கப்பல் ஒன்றை அடித்திருந்தால் போரின் போக்கே வேறு. பகலெல்லாம் தண்ணீருக்கு அடியில். இரவில் ஸ்நார்ட் குழாயை மட்டும் மேலே நீட்டி, காற்றை இழுத்து டீசல் என்ஜினை ஓட்டி பேட்டரி ஏற்ற வேண்டும். அந்த நேரம்தான் ஆபத்து. என்ஜின் சத்தம் வெளியே கேட்கும், நமக்கோ வெளிச்சத்தம் கேட்காது. அலை வந்து குழாயின் வாயை மூடினால் என்ஜின் உள்ளே இருக்கிற காற்றையே இழுத்துவிடும். காது அடைத்து வலிக்கும். அப்படியே வேலை பார்க்க வேண்டும்.

பெரியப்பா: நீர்மூழ்கி சுட்டால்தான் வேலை செய்தது என்று அர்த்தமில்லை. அது அங்கே இருக்கலாம் என்ற எண்ணமே எதிரியைத் துறைமுகத்தில் கட்டிப்போடும், வழியை மாற்றச் செய்யும்.

பெரியப்பா: அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. அதே டிசம்பர் 9 இரவு, தியூவுக்கு அப்பால், பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி நம் குக்ரி போர்க்கப்பலை அடித்தது. சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் போனார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். மகாவீர் சக்கரம் கொடுத்தார்கள். தியூவில் கடலைப் பார்த்த மேட்டில், கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி வைத்திருக்கிறார்கள்.

கவிதா: இரண்டாவது குக்ரியும் அங்கேதானே போனது பெரியப்பா? செய்தியில் பார்த்த ஞாபகம்.

பெரியப்பா: ஆமாம். அதே பெயரில் 1989-இல் இன்னொரு கப்பல் வந்தது. முல்லாவின் மனைவியும் அந்த விழாவுக்கு வந்திருந்தார். 32 வருடம் ஓடி, 2021 டிசம்பரில் இதே விசாகப்பட்டினத்தில் ஓய்வு பெற்றது. அப்புறம் அதை தியூவுக்கே இழுத்துக்கொண்டு போய் 2022 குடியரசு தினத்தன்று ஒப்படைத்தார்கள்.

அருண்: இதெல்லாம் எனக்குத் தெரியாது பெரியப்பா.

பெரியப்பா: இன்னொன்றும் கேள். செந்தில் நிற்கிற கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலடியில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி கிடக்கிறது. டிசம்பர் 3 இரவு, 4 விடிவதற்குள் வெடித்து மூழ்கியது. 90 பேருக்கு மேல் இன்னும் அதற்குள்தான் இருக்கிறார்கள். நம் விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்தார்கள். அவர்களும் டீசல் வாசத்தில் தூங்கியவர்கள்தான். இதை நான் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. ஆனால் நீர்மூழ்கியில் இருந்த எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

செந்தில்: கரையோரமாகவே 1971 வெற்றி நினைவுச்சின்னம் இருக்கிறது. இப்போது அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருக்கிறோம்.

முரளி மாமா: அண்ணன் சொன்னதற்கு மேலே ஒன்று. போர் இல்லாத நாளிலும் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 14, மும்பைத் துறைமுகத்தில் நிறுத்தியிருந்த நம் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் போனார்கள். மறுநாள் சுதந்திர தினம். டிவி முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பெரியப்பா: ஆமாம் முரளி.

மாலை 6:40

செந்தில்: பெரியப்பா, ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். வழிகாட்டியிடம் எங்கள் பெரியப்பா வாக்லியில் இருந்தவர் என்று சொன்னேன். உடனே முகம் மாறிவிட்டது. ‘எந்தப் பிரிவு?’ என்றார். என்ஜின் என்றேன். கூட்டம் போகட்டும் என்று எங்களை என்ஜின் அறையிலேயே நிறுத்திவைத்துவிட்டார்.

செந்தில்: மூன்று டீசல் என்ஜின், நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் போகிற அளவுக்குத்தான் இடம். என்ஜின் உறையில் ஓர் இடத்தைக் காட்டி, இங்கே கையை வைத்தாலே எந்த சிலிண்டர் சரியில்லை என்று உன் பெரியப்பாவுக்குத் தெரியும் என்றார். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் மழமழவென்று தேய்ந்திருக்கிறது.

செந்தில்: [படம்]

பெரியப்பா: அதேதான். அந்தச் சத்தத்தில் காது உதவாது. கைதான் பேசும். பக்கத்தில் இருப்பவனிடம் சொல்வதும் சைகையில்தான்.

பெரியப்பா: அடியில் பேட்டரி இருக்கும், காட்டினாரா? 448 செல். ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரத்துக்குக் கிட்டே வரும். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றோட்டம் நின்றால் ஒரு பொறி போதும். அதற்கென்றே ஒருவன் படுத்தபடி ஊர்ந்து போய் ஒவ்வொரு செல்லாகப் பார்ப்பான். அவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் வராது.

அருண்: பெரியப்பா, குர்சுரா 31 வருடமும் ஓடிக்கொண்டே இருந்ததா?

பெரியப்பா: இல்லை. இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன். 1975-லிருந்து 80 வரை அது கட்டிப்போடப்பட்டுக் கிடந்தது. அதிலிருந்து பாகங்களைக் கழற்றிக் கழற்றி மற்ற நீர்மூழ்கிகளுக்குப் போட்டார்கள். மற்றவை கடலுக்குப் போனது இது கொடுத்த உறுப்புகளால். அப்புறம் 1980 செப்டம்பரில் பழுதுபார்க்க ஆரம்பித்து 82 ஏப்ரலில் முடித்தார்கள். 85-இல் மறுபடி பணியில் சேர்ந்தது. மொத்தம் 73,500 கடல் மைல். பூமியை மூன்று சுற்றுக்கு மேல் வருகிறது.

பெரியப்பா: அருண், நீ மெக்கானிக்கல் படிக்கிறாய். கழற்றிப்போட்ட கப்பலை மறுபடி கடலுக்கு அடியில் அனுப்புவது என்றால் என்னவென்று யோசித்துப் பார். ஒரு வால்வு கசிந்தாலும் 75 பேர் உயிர். அதைப் பொருத்திய ஆட்கள் ஒரு டார்பிடோவும் விடவில்லை. ஆனால் அவர்கள் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது டைவ் அடித்தது. அந்தக் கரையில் குர்சுராவை நிறுத்தியிருப்பது இவர்களுக்காகவும்தான். நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

அருண்: புரிகிறது பெரியப்பா. கேட்டது நல்லதாகப் போயிற்று.

கவிதா: கடற்படை விழா நாட்களில் குர்சுராவை வரிசையாகக் கொடி கட்டி அலங்கரிப்பார்களாமே?

பெரியப்பா: ஆமாம், அது பணியில் இருக்கிற கப்பலுக்குச் செய்கிற மரியாதை. ஓய்வு பெற்ற இதற்கும் செய்கிறார்கள். அதைப் பார்த்தால் எங்களுக்கு மனது நிறைந்துவிடும்.

பெரியம்மா: நானும் ஒன்று சொல்கிறேன். நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை.

பெரியம்மா: கப்பல் கிளம்பும்போது எங்கே போகிறது, எப்போது வரும், எதுவும் எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். இவருக்கும் சொல்ல அனுமதி கிடையாது. காலையில் பையை எடுத்துக்கொண்டு போவார். சாயங்காலம் வரவில்லை என்றால் போய்விட்டார் என்று நாங்களே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கடிதம் வராது, போன் வராது. குவார்ட்டர்ஸில் கீழ் வீட்டில் ஒரு தெலுங்கு அக்கா, எதிர் வீட்டில் பஞ்சாபிப் பெண். எனக்கு அப்போது தெலுங்கும் தெரியாது, இந்தியும் தெரியாது. மூத்தவள் பிறந்தபோது என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது அந்தத் தெலுங்கு அக்காதான். பேர் வைக்கும் நாள் வரைக்கும் குழந்தை பிறந்தது அவருக்குத் தெரியாது.

பெரியம்மா: யாராவது ஒருத்தி வீட்டு வாசலில் நேவி ஜீப் வந்து நின்றால் எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கும். ரேஷன் விஷயமாகத்தான் வந்திருப்பான். ஆனாலும் அந்த ஒரு நிமிடம்.

பெரியம்மா: எங்கள் பெயரை அங்கே எழுதச் சொல்லவில்லை. ஆனால் சுற்றிக் காட்டுகிறவர், பிள்ளைகளிடம் இந்த விஷயத்தையும் ஒரு வரி சொல்லலாம்.

விஜி அத்தை: மைனி, இவ்வளவு நாளும் இதை எங்களிடம் சொன்னதே இல்லையே.

பெரியம்மா: நீங்கள் கேட்கவில்லையே விஜி. வருடம் ஒருமுறை முறுக்கும் சீடையும் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தால் அந்தப் பத்து நாளில் சொல்ல வேறு விஷயம் இருக்கும்.

செந்தில்: பெரியம்மா, நீங்கள் எழுதியதை யாழினிக்கும் அவள் அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். ஆற அமர உங்கள் குரலில் பதிவு செய்து வைக்க வேண்டும். தீபாவளிக்கு வரும்போது உட்காருவோம்.

பெரியம்மா: வாருங்கள்.

இரவு 7:30

முரளி மாமா: அண்ணா, வாக்லியை மாமல்லபுரத்துக்குக் கொண்டுவந்து இதே போல நிறுத்தப்போகிறார்கள் என்று ஒரு காலத்தில் பேசினார்களே?

பெரியப்பா: பேசினார்கள். 2010 டிசம்பரில் வாக்லி ஓய்வு பெற்றது. 36 வருடம் ஓடிய கப்பல். தமிழ்நாட்டுக்குக் கொடுத்து, மாமல்லபுரத்தில் காட்சிக்கு வைப்பதாகத் திட்டம். நடக்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் கடற்கரைக் கோவிலைப் பார்த்துவிட்டு அப்படியே அதற்குள்ளும் போய் வந்திருப்பார்கள். அந்த வட்டக் கதவில் ஒருமுறை குனிந்து நுழைந்த பிள்ளைக்கு வேறு பாடம் வேண்டாம்.

பெரியப்பா: விசாகப்பட்டினத்து ஆட்களை இந்த விஷயத்தில் பாராட்ட வேண்டும். உப்புக்காற்று ஒரு பக்கம், கடல் அரிப்பு ஒரு பக்கம். 2014-இல் ஹூட்ஹூட் புயல் அந்த ஊரையே புரட்டிப் போட்டது. இரும்பைக் கடற்கரையில் வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலை இல்லை. சுரண்டி, பெயிண்ட் அடித்து, மறுபடி சுரண்ட வேண்டும். கப்பல் கடலில் இருந்தபோது நாங்கள் செய்ததும் அதே வேலைதான்.

அருண்: அண்ணா, அங்கே சாலைக்கு எதிரே விமானம் ஒன்று இருக்கிறதாமே?

செந்தில்: ஆமாம்டா, டி.யு. 142. கடற்படையின் பெரிய ரோந்து விமானம். 2017 டிசம்பரிலிருந்து காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதற்கென்றே இருந்தது. இன்றைக்கு யாழினிக்குக் கால் வலிக்கிறது. அரக்கிலிருந்து திரும்பி வந்து பார்ப்போம். திங்கட்கிழமை குர்சுராவுக்கு விடுமுறை என்றார்கள், வருகிறவர்கள் நாள் பார்த்து வாருங்கள்.

கவிதா: பெரியப்பா, ஒரு வேண்டுகோள். எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை விசாகப்பட்டினத்துக்குக் கூட்டிப்போகிற வசதி இல்லை. நீங்கள் ஒரு நாள் மதுரைக்கு வந்து அவர்களிடம் இதையெல்லாம் பேச முடியுமா? டிசம்பர் 8 நீர்மூழ்கி நாள் என்று சொல்வீர்களே, அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். தலைமை ஆசிரியரிடம் நான் பேசுகிறேன். பெரியம்மாவும் கட்டாயம் வர வேண்டும். அவர்களுக்கும் பாதி நேரம்.

பெரியப்பா: வருகிறேன். பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். கரும்பலகை நீளமாக இருக்கிற வகுப்பாகப் பார். ஏழு அறையையும் வரிசையாக வரைய இடம் வேண்டும். தரையில் 75 பிள்ளைகளை நெருக்கி உட்கார வைத்துவிடு. அப்புறம் மீதியை நானும் உன் பெரியம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்.

பெரியம்மா: நான் என்ன பேசுவது என்று யோசித்து வைக்கிறேன் கவிதா. தேதி முடிவானதும் சொல், முரளியை டிக்கெட் போடச் சொல்கிறேன்.

முரளி மாமா: போட்டுவிடலாம் அண்ணி. கீழ் பெர்த் இரண்டு.